ஃபில்டர் போட்டும் சூரியனின் தீநாக்கு தெரியவில்லையே, ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை கேட்கிறார்: "தொலைநோக்கியில் சூரிய ஃபில்டர் மாட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கரும்புள்ளிகள் தெரிந்தன. படங்களில் விளிம்பிலிருந்து எழும் சிவப்புத் தீநாக்கைக் காணோம். கருவியில் கோளாறா? காந்த வெடிப்பில் அது எப்படி உருவாகிறது?"

கோளாறு இல்லை, டீச்சர். உங்கள் ஃபில்டர் எல்லா நிற ஒளியையும் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். பிராமினன்ஸ் எனப்படும் அந்தத் தீநாக்கு ஏற்கெனவே மங்கல். அதில் காணாமலே போய்விடும். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடுகிற எச்-ஆல்ஃபா தொலைநோக்கி வேண்டும்.

தீநாக்கு என்றாலும் அங்கே எதுவும் எரியவில்லை. சுற்றியிருக்கும் கொரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம், 10 லட்சம் டிகிரிக்கு மேல். பிராமினன்ஸ் சுமார் 10,000 டிகிரிதான். விட்டத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டால் துணி நடுவில் தொய்யும் அல்லவா? காந்தக் கோடுகளும் அப்படித்தான்: இரு முனையும் சூரியப் பரப்பில் ஊன்றியிருக்க, மேலே நடுவில் தொய்வு. அடியில் சூடேறிய வாயு கோட்டின் வழியே ஏறி, மேலே குளிர்ந்து, அந்தத் தொய்வில் தங்குகிறது. மின்னேற்றம் பெற்ற வாயு என்பதால் கோட்டைக் குறுக்கே கடந்து எளிதில் விழ முடியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே தொங்கும்.

ஆக, பெரும்பாலும் பிராமினன்ஸ்தான் முந்தி, வெடிப்பு பிந்தி. இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். கோடுகளின் முனைகள் நகர நகர முறுக்கு ஏறும். நார்க் கயிற்றை அளவுக்கு மீறித் திரித்தால் சுருண்டு துள்ளுமே, அதுபோல ஒரு கட்டத்தில் முறுக்கேறிய கோடுகள், மேலிருந்து அமுக்கிய கோடுகளுக்கு அடங்காமல், பிராமினன்ஸோடு கிளம்பிவிடும். அடியில் எதிரெதிர்த் திசைக் கோடுகள் அறுந்து வேறு ஜோடியாகச் சேர, வாயு நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அப்புறம் அதே இடத்தில் புது வளையங்கள் எழும். அவற்றில் வாயு குளிர்ந்து மழையாக இறங்கும். வெடிப்பால் பிறப்பது இந்த மழை வளையங்கள்தான்.

சரி, செலவில்லாமல் எப்படிக் காட்டுவது? நாசாவின் எஸ்டிஓ விண்கலம் 2010 முதல் எடுக்கும் படங்கள் இணையத்தில் இலவசம். '304' என்று குறித்த படத்தைத் திறந்து விளிம்பைப் பெரிதாக்குங்கள். கொடைக்கானல் ஆய்வகத்தின் பழைய எச்-ஆல்ஃபா படங்களும் உண்டு, 1912-லேயே தொடங்கியவை. அவற்றில் வட்டத்தின் நடுவே கறுப்பு இழையாகத் தெரிவதும் இதே பிராமினன்ஸ்தான், மேலிருந்து பார்க்கிறோம்.

ஒன்று மட்டும்: சிவப்புக் கண்ணாடியை வைத்துச் சமாளிக்காதீர்கள். ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் திருகும் சின்ன ஃபில்டர் சூட்டில் பட்டென்று விரிசல் விடும். பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், பிள்ளைகள் கையில் கிடைப்பதற்கு முன் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.