ஏறும் தண்ணீர், இறங்கும் தண்ணீர்: வீட்டு அக்வாபோனிக்ஸ் கேள்வி-பதில்

மீன் தொட்டித் தண்ணீரைச் செடிப் படுகைக்குச் சுற்றவிட்டு, மீன் கழிவையே உரமாக்கிச் செடி வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பம்பைப் பற்றியவை. பம்ப் தண்ணீரை ஏற்றிவிடும். அதற்கு மின்சாரத்தின் பலம் இருக்கிறது. இறங்குவதற்கு ஈர்ப்பு விசை மட்டும்தான். தகராறு பெரும்பாலும் அந்த இறங்கும் வழியில்தான் இருக்கிறது.

என் மீன் தொட்டி 500 லிட்டர். மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்த பம்பை வாங்கினேன். செடிப் படுகையில் விழுவது அதில் பாதிதான் இருக்கும். பெரிய பம்ப் மாற்றிவிடவா?

முதலில் அளந்து பாருங்கள். தண்ணீர் விழும் இடத்திலேயே 10 லிட்டர் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. பக்கத்தில் 'எச் மேக்ஸ்' என்று ஓர் உயரமும் இருக்கும். அந்த உயரத்துக்குப் போனால் சொட்டுத் தண்ணீர் வராது. இடைப்பட்ட உயரத்தில் பாதியாகக் குறைவது இயல்பு. வழியில் வரும் ஒவ்வொரு எல்போவும் (குழாயை வளைக்கும் இணைப்பு) இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

மீன் தொட்டியின் கொள்ளளவு மணிக்கு ஒருமுறையாவது சுற்றி வந்தால் போதும். உங்கள் வாளி 72 விநாடிக்குள் நிறைந்தால் மணிக்கு 500 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். பம்பை மாற்ற வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள் சற்றுப் பெரியதாக வாங்கி, ஒரு டீ (குழாயை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டு, மிஞ்சுவதை வால்வு வழியாக மீன் தொட்டிக்கே திருப்பிவிடலாம். மேலிருந்து விழுந்து கலங்கும் தண்ணீரில் மீனுக்கு ஆக்சிஜனும் கிடைக்கும்.

பெல் சைபன் வைத்திருக்கிறேன் சார். சில நாள் வடியத் தொடங்குவதே இல்லை, சில நாள் வடிவது நிற்பதே இல்லை. எதைச் சரிசெய்வது?

பெல் சைபன் என்பது படுகை நிறைந்ததும் தண்ணீரைத் தானாக உறிஞ்சி வடிக்கும் அமைப்பு: நடுவில் நிற்கும் ஒரு குழாய், அதன்மேல் கவிழ்த்த, உச்சி மூடிய பெரிய குழாய்தான் பெல். நீங்கள் சொல்லும் இரண்டும் எதிரெதிர் நோய்கள். தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தொடங்காததற்குக் காரணம் வரத்துக் குறைவு. நடுக்குழாயின் விளிம்பில் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்து, வருகிற அளவே போய்க்கொண்டிருக்கும். குழாய் முழுக்க நிறைந்தால்தான் உறிஞ்சல் பிடிக்கும். குழாயின் தலையில் புனல் போல ஒரு ரெட்யூசரைப் பொருத்துங்கள், அடிமுனையில் ஓர் எல்போ போடுங்கள். குறைந்த வரத்திலேயே பிடித்துவிடும். பெல்லின் மூடியில் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே கதைதான், அதையும் பாருங்கள்.

நிற்காததற்குக் காரணம் வரத்து அதிகம். படுகை வடிந்து அடிமட்டத்துக்கு வந்ததும் 'கொர்ர்' என்று காற்றை இழுத்து உறிஞ்சல் அறுபட வேண்டும். அந்தச் சத்தம் அரைகுறையாக வந்து வந்து போகிறது என்றால், காற்று நுழைவதற்குள் புதுத் தண்ணீர் இடத்தை அடைத்துவிடுகிறது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பெல்லின் பக்கவாட்டில், அதன் அடி ஓட்டைகளின் உயரத்திலிருந்து உச்சிக்கு ஒரு சிறு காற்றுக்குழாயைச் செருகினாலும் சட்டென்று அறுபடும்.

ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படி என்கிறீர்கள். அப்படியானால் வரத்தே நிலையாக இல்லை. பம்பின் வடிகட்டியைக் கழுவிவிட்டு, பெல்லைத் தூக்கி உள்ளே வேர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் தலைவலி என்றால் சைபனை எடுத்துவிட்டு, நடுக்குழாயின் அடியில் சிறு ஓட்டை போட்டு, பம்பை டைமரில் 15 நிமிடம் ஓடவும் 45 நிமிடம் நிற்கவும் வையுங்கள். முதல்முறை அமைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம்: ஒரு மணி நேரத்துத் தண்ணீர் முழுவதும் அந்த 15 நிமிடத்தில் ஏற வேண்டும். 500 லிட்டர் தொட்டிக்கு, படுகை உயரத்தில் மணிக்கு 2000 லிட்டர் தரும் பம்ப் தேவை.

இரண்டு படுகைகளில் ஒன்றுக்கு வெள்ளமாகவும் மற்றதற்கு ஒழுகலாகவும் வருகிறது.

தண்ணீர் சுலபமான வழியில் போகிறது. டீயை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஒரே நீளத்தில் குழாய் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு கொடுங்கள். வாளியால் இரண்டையும் அளந்து சமப்படுத்துங்கள். ஊசித்துளை போட்ட குழாய் வேண்டாம், ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

சம்ப் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சம்ப் என்பது வடியும் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி, பம்ப் இருப்பதும் அதில்தான். படுகைகள் நிறையும்போது தண்ணீர் சம்பிலிருந்துதான் போகிறது. 20 மி.மீ. ஜல்லி நிரப்பிய படுகையில் இடைவெளி சுமார் 40 சதவீதம். 200 லிட்டர் படுகை என்றால் 80 லிட்டர் தண்ணீர் கொள்ளும். இரண்டு படுகைகள் ஒரே நேரத்தில் நிறைந்தால் சம்பில் 160 லிட்டர் குறைந்துவிடும். அப்போதும் பம்ப் மூழ்கியிருக்க வேண்டும். பம்ப் நின்றுவிட்டால் குழாயில் இருப்பதும், மீன் தொட்டியில் வழிவாய்க்கு மேல் நின்றதும் சம்புக்கே வரும். அதற்கும் இடம் விடுங்கள். இந்த அளவுக்கு 250 லிட்டருக்குக் குறைவாக வைக்க வேண்டாம்.

ஆவியாகிப் போகும் தண்ணீரும் சம்பில்தான் குறைந்து தெரியும். எல்லாப் படுகையும் நிறைந்திருக்கும்போது உள்ள குறைந்தபட்ச மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மேலே தெளிந்த தண்ணீர் வழிகிறது, மீன் கழிவு அடியிலேயே தங்குகிறது.

வழிவாய்க் குழாயை மீன் தொட்டியின் அடிவரை இறக்குங்கள். அடித்தண்ணீர் கழிவையும் தூக்கிக்கொண்டு மேலேறி வெளியேறும். குழாயின் உச்சியில் ஒரு காற்றுத்துளை அவசியம். இல்லாவிட்டால் அதுவே சைபனாகி மீன் தொட்டியை வடித்துவிடும். பம்ப் ஏற்றும் குழாய் 20 மி.மீ. என்றால் இந்தக் குழாய் 50 மி.மீ. இருக்கட்டும். சன்னமாகப் போட்டால் கழிவு அடைத்து, மீன் தொட்டி விளிம்பு தாண்டி வழியும்.

மிதவைத் தட்டில் கீரை வளர்க்க வேகமான ஓட்டம் தேவையா?

தேவையில்லை. தண்ணீர் அங்கே 1 முதல் 4 மணி நேரம் தங்கிப் போகலாம். ஆனால் முன்னால் ஒரு வடிகட்டி இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கழிவு வேரில் படிந்து அழுகும். வேருக்குக் கீழே ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) போடுங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

செடி தாங்கும், ஜல்லி ஈரமாகவே இருக்கும். மீன் தாங்காது. நெருக்கமாக வளர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைத் தனியாக வையுங்கள். பெரிய இன்வெர்ட்டரில் தண்ணீர் பம்பை ஓட்டுவதைவிட இது மலிவு, மீனுக்குத் தேவையும் இதுதான்.

இன்னொன்று: சம்பிலிருந்து ஏறும் குழாயின் முனை மீன் தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் தொட்டி அதன் வழியே சம்புக்கு வடியத் தொடங்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அந்தக் குழாயில் ஒரு சிறு ஓட்டை போடுங்கள். மீன் விடுவதற்கு முன்பே, தண்ணீர் மட்டும் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். சம்ப் நிரம்பி வழிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.