மேட்டி மக்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள், பதில்கள் இதோ

கேள்வி: அக்கா, கனடாவின் மேட்டி என்பவர்கள் வெள்ளையருக்கும் பூர்வகுடிகளுக்கும் பிறந்தவர்கள், அவ்வளவுதானே?

பதில்: அவ்வளவுதான் என்று நிறுத்திவிட்டால் மீதி எதுவும் புரியாது. விலங்குகளின் ரோமத் தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சு, ஸ்காட்லாந்து ஆண்கள் கிரீ, ஓஜிப்வே என்ற பூர்வகுடிகளின் பெண்களோடு குடும்பமானார்கள். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ரெட் ரிவர் கரையில், அதாவது இன்றைய வின்னிபெக் பக்கம், தனி மக்களாகவே ஆகிவிட்டார்கள். அவர்களுடைய மிச்சிஃப் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் கிரீ, பெயர்ச்சொல் பிரெஞ்சு. காட்டெருமை வேட்டைக்குக் கிளம்பும்போது தலைவரைத் தேர்ந்தெடுத்து, விதிகள் போட்டுக்கொண்டு போவார்கள். அரசியல் அவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுத்ததல்ல.

கேள்வி: சண்டை எதில் ஆரம்பித்தது?

பதில்: நிலத்தில். 1869-ல் அந்தத் தோல் வியாபாரத்தை நடத்திய ஹட்சன் பே கம்பெனி தன் கையிலிருந்த மாபெரும் பிரதேசத்தை 3 லட்சம் பவுண்டுக்குக் கனடாவிடம் ஒப்படைக்க ஏற்பாடானது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்டிகளின் நிலம் ஆற்றங்கரையிலிருந்து உள்ளே நீளும் பட்டைகள். கனடாவின் சர்வேயர்களோ அதைச் சதுரம் சதுரமாக அளக்க வந்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் மேட்டித் தலைவர் லூயி ரியலும் கூட இருந்தவர்களும் அளவுச் சங்கிலியை மிதித்து வேலையை நிறுத்தினார்கள். அப்புறம் தற்காலிக அரசு அமைத்து, ஒட்டாவாவுக்குப் பிரதிநிதிகளை அனுப்பிப் பேசி, 1870-ல் மானிடோபா மாகாணத்தையே உருவாக்க வைத்தார்கள். மேட்டிப் பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் என்று அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவிலேயே எழுதியிருந்தது.

கேள்வி: சட்டத்திலேயே எழுதிவிட்டு நிலம் எப்படிப் போனது? ஏமாற்றினார்களா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். முதலில் தாமதம். பங்கிட்டு முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கிழக்கிலிருந்து குடியேறிகள் வந்து நிறைந்துவிட்டார்கள், கனடாவின் ராணுவம் வந்த பிறகு மேட்டிகளை அடித்து மிரட்டுவதும் நடந்தது, எத்தனையோ குடும்பங்கள் மேற்கே சஸ்காட்சுவானுக்குப் போய்விட்டன. நிலத்தையும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்ததால் அண்ணனுக்கு ஓரிடம், தங்கைக்கு வேறிடம். பிற்பாடு மேற்கில் 'ஸ்கிரிப்' என்று ஓர் உரிமைத் தாள் கொடுத்தார்கள், பெரும்பாலும் 160 அல்லது 240 ஏக்கருக்கு, இல்லையென்றால் அதே எண்ணிக்கையில் டாலருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பெருக்கல் குறி போட வைத்து அதை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள் உண்டு, ஆள்மாறாட்டம் செய்து எடுத்தவர்களும் உண்டு. 1921-ல் நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? இந்த மோசடிகளுக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. பழைய மோசடிகள் எல்லாம் அதோடு தப்பித்தன. எனக்கு இன்னமும் ஆறாத இடம் இது.

கேள்வி: ரியல் துரோகியா, வீரரா?

பதில்: வீரர். தற்காலிக அரசு சிறைபிடித்திருந்த எதிர்ப்பாளர் தாமஸ் ஸ்காட்டுக்கு மரண தண்டனை நிறைவேற்றியதைத் தவறு என்றே நினைக்கிறேன், அதற்காக மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது. மூன்று முறை எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் அவரால் ஒருநாள்கூட அவையில் உட்கார முடியவில்லை. 1885-ல் சஸ்காட்சுவானின் பட்டோஷில் கனடாவின் ராணுவத்தோடு நடந்த நான்கு நாள் சண்டையில் மேட்டிகள் தோற்றார்கள், ரியலை நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். 2023-ல் மானிடோபா சட்டம் போட்டு அவரை மாகாணத்தின் முதல் முதல்வராகக் கௌரவித்தது.

கேள்வி: அதற்குப் பிறகு மேட்டிகள் எங்கே போனார்கள்?

பதில்: பலர் சாலைக்கென்று ஒதுக்கிய அரசு நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். சொத்து வரி கட்டாததால் பல இடங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடைக்கவில்லை. ஆல்பர்ட்டாவில் மட்டும் 1938 சட்டத்தால் தனிக் குடியிருப்புகள் கிடைத்தன, இன்றும் எட்டு இருக்கின்றன.

கேள்வி: கோர்ட்டில் ஏதாவது ஜெயித்தார்களா?

பதில்: ஜெயித்தார்கள். 1982 அரசியல் சட்டத்தின் 35-வது பிரிவு அவர்களைப் பூர்வகுடி மக்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது. அந்த 31-வது பிரிவு வாக்குறுதியை அரசு உரிய கவனத்தோடு நிறைவேற்றவில்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 143 வருஷம் கழித்து! 2016-ல் டேனியல்ஸ் வழக்கில், மேட்டிகளும் மத்திய அரசின் பொறுப்பில்தான் வருகிறார்கள் என்று தீர்ப்பு வந்தது.

கேள்வி: டிஎன்ஏ பரிசோதனையில் பூர்வகுடி மரபு கொஞ்சம் வந்தால் ஒருவர் மேட்டி ஆகிவிடலாமா?

பதில்: முடியாது. 2003-ல் பௌலி என்ற அப்பா, மகனின் மூஸ் மான் வேட்டை வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றைக் கேட்டது: தன்னை மேட்டி என்று அவரே சொல்லிக்கொள்ள வேண்டும், பழைய மேட்டிச் சமூகம் ஒன்றோடு வம்சத் தொடர்பு வேண்டும், இன்றைய சமூகமும் அவரைத் தன்னவர் என்று ஏற்க வேண்டும். எத்தனை சதவீத ரத்தம் என்று அது கேட்கவில்லை.