வெள்ளம் வடிந்த மண்ணும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: கேள்வி பதில்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் கிருஷ்ணகிரி, தருமபுரி என நம் இரு மாவட்டத்தாரும் கேட்டவற்றுக்கு, மண் நுண்ணுயிரியல் படித்தவள் என்ற முறையில் என் பதில்கள்.

ஊத்தங்கரை: அக்கா, தண்ணி நின்னா மண்ணுல இருக்குற பாக்டீரியா எல்லாம் செத்துடுமா?

சாகாது தம்பி, ஆள் மாறும். மண் துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் காற்று தேவைப்படுபவை ஒடுங்கி, தேவைப்படாதவை தலையெடுக்கும். தேங்கிய சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருவது அவற்றின் வேலைதான். காய்ந்து சில வாரம், சில மாதம் போனால் பழைய கூட்டம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கிருஷ்ணகிரி: மருந்துக்கு அடங்காத கிருமியை வெள்ளம்தான் உண்டாக்குதா மேடம்?

இல்லை. மருந்தை எதிர்க்கும் திறன் மண்ணுக்குப் புதிதே அல்ல. 1943-ல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியா தந்த மருந்து. அதைச் சுரக்கும் பாக்டீரியா, அதிலிருந்து தன்னையும் காத்துக்கொள்ள வேண்டுமே! கனடாவில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததாக 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எனக்குக் கவலை தருவது சாக்கடை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் குடலில் தப்பிப் பிழைத்த கிருமிகள் செப்டிக் டேங்கிலும் கால்வாயிலும் சேர்கின்றன. பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் அவை எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கின்றன. உறவே இல்லாத பக்கத்துக் கிருமிக்கும் அந்த வளையத்தைக் கொடுத்துவிடும். கழிவும் மண்ணும் தனித்தனியே கிடக்கும் வரை இந்தக் கைமாற்றத்துக்கு வாய்ப்புக் குறைவு; நகரத்து வெள்ளம் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறது. பட்டறைக் கழிவிலுள்ள உலோகமும் சேர்ந்தால் இன்னும் கெடுதல். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல நேரம் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பதால், மருந்தே இல்லாத இடத்திலும் எதிர்ப்பு நிலைத்துவிடும்.

2017-ல் ஹார்வி புயலுக்குப் பின் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வெள்ளநீரைச் சோதித்தபோது ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவும் எதிர்ப்பு மரபணுக்களும் கூடியிருந்தன. வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே வீட்டுக்குள் வந்த சேற்றைத்தான் முதலில் அள்ளுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

ஓசூர்: கெலவரப்பள்ளி அணை நுரைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நுரை சோப்புத்தூளால் வருவது. ஆனால் பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர் அந்த அணைக்கு வரும் தென்பெண்ணை ஆற்றில் இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கழிவுநீர் வரும் வழியில் எதிர்ப்பு மரபணுவும் வரும். அதைச் சுத்திகரித்து விடவேண்டியது மேலே உள்ள நகரத்தின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை.

அரூர்: தோட்டத்து மண்ணுல பிளீச்சிங் பவுடர் தூவலாமாம்மா?

வேண்டாம். மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை பவுடரிலுள்ள குளோரினைச் சீக்கிரமே தின்றுவிடும். வெயிலில் காயவிட்டுக் கொத்திவிடுங்கள். அந்தப் பருவத்துக் கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். பவுடர் கிணற்றுக்குத்தான்: கலங்கல் தெளிந்தபின் 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம், கலந்து 1 மணி நேரம் விடணும். குடிக்கும் தண்ணீரை அதற்குப் பிறகும் கொதிக்க வையுங்கள்.

பாலக்கோடு: அப்பாவுக்குச் சர்க்கரை. சேத்துல இறங்கிக் கால்ல புண்ணு. வீட்டுல மிச்சமிருக்குற மாத்திரை குடுக்கலாமா?

கூடவே கூடாது தங்கச்சி. சேற்றில் வாழும் பர்க்கோல்டெரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா மெலியாய்டோசிஸ் நோயைத் தரும்; சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும். பென்சிலின், ஜென்டாமைசின் போன்றவற்றுக்கு அது இயல்பிலேயே அடங்காது. புண்ணை சோப்புப் போட்டுக் கழுவி மூடி, இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இருந்தால், சேற்றில் இறங்கியதையும் சர்க்கரை இருப்பதையும் முதலிலேயே சொல்லி, மருந்து தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கலாமா என்று கேளுங்கள்.