வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்: தவறைச் சொன்ன உதவியாளரை என்ன செய்வது?

கேள்வி: செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றை நடத்துகிறேன். சர்க்கரை நோயுள்ள பூனைக்கு எங்கள் உதவியாளர் இன்சுலினைத் தவறான சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டார். அளவு கூடிவிட்டது. உடனே வந்து சொன்னார், பூனை பிழைத்துக்கொண்டது. அவரை வேலையை விட்டு நிறுத்தினால்தான் மற்றவர்கள் கவனமாக இருப்பார்கள் என்கிறார் என் கூட்டாளி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ‘உடனே வந்து சொன்னார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் கூட்டாளி கவனிக்கவில்லை போலிருக்கிறது. பூனை பிழைத்தது அதனால்தான்.

விவரம் அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மனிதர்களுக்கான இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். விலங்குகளுக்கென்றே தயாராகும் இன்சுலின்களில் பல, மில்லிக்கு 40 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. தவறு தெரிந்துவிட்டால் தீனி கொடுத்து, தேவையானால் குளுக்கோஸ் ஏற்றி, இரத்தச் சர்க்கரையை விடாமல் பார்த்துச் சமாளிக்கலாம். தெரியாவிட்டால், சர்க்கரை மிகவும் இறங்கி நள்ளிரவில் பூனைக்கு வலிப்பு வரலாம். நாம் விஷமா, மூளைக் கோளாறா என்று தேடிக்கொண்டிருப்போம்.

அவரை அனுப்பிவிட்டால் மற்றவர்கள் கவனமாகத்தான் இருப்பார்கள், மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது, அவர்கள் தவறுகளை ஒளிக்காமல் பேசுகிறவர்கள் என்பது புரிந்தது. உங்கள் மருத்துவமனையில் பல மாதங்களாக ஒரு தவறும் உங்கள் காதுக்கு வரவில்லையென்றால் நான் மகிழ மாட்டேன்; கவலைப்படுவேன்.

மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். இரண்டு வகைச் சிரிஞ்சும் ஒரே இழுப்பறையில் கிடக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஒன்றுக்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. அரைத் தூக்கத்தில் இருக்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு மருந்துப் புட்டியையும் அதற்குரிய சிரிஞ்சுகளோடு தனிப் பெட்டியில் வையுங்கள். ஊசி போடுமுன் இன்னொருவர் மருந்தையும் அளவையும் வாய்விட்டுப் படிக்கட்டும். இந்த ஏற்பாட்டை அந்த உதவியாளரையே எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுக்கி விழலாம் என்று இப்போது அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாருமில்லை. பூனையின் உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு உதவியாளரை முன்னால் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: உதவியாளராக இருக்கிறேன். குணப்படுத்த முடியாத விலங்குகளைக் கருணைக்கொலை செய்யும்போது பிடித்துக்கொள்வது என் வேலை. சில நாட்களில் அடுத்தடுத்து வந்துவிடும். அழுகை வந்தால், ‘போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார் மூத்த மருத்துவர். எனக்குப் பழகவில்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியற்றவளா, அம்மா?

பதில்: இல்லை, மகளே. பழகிவிட்டதாகச் சொல்பவர்களில் பலர், அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டவர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். மருந்து உள்ளே போனதும் என்ன நடக்கும் என்று யாராவது உனக்கு முன்கூட்டியே விளக்கினார்களா? நினைவு சில நொடிகளில் போய்விடும். கண்கள் மூடாமல் திறந்தபடியே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். அதற்கு வலி இல்லை. வலியை உணரும் நினைவே அப்போது இல்லை. இது தெரியாமல் முதல்முறை பிடித்தவர்கள் ‘என் கையில் துடித்ததே’ என்று வருடக்கணக்கில் மனத்தில் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பஞ்சம் வந்துவிடுகிறது நமக்கு.

இனி வருவது உன் மூத்த மருத்துவருக்கு. இதழை அவர் மேசையில் வைத்துவிடு. ஐயா, பெண்ணின் மனத்தைத் திடப்படுத்த முயல்வதை விட்டு, அன்றைய முன்பதிவு அட்டவணையை எடுங்கள். கருணைக்கொலை முடிந்த கையோடு அடுத்த அறையில் தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது யார்? நடுவே கால் மணி நேரம் காலியாக விடுங்கள். அடுத்ததை இன்னொருவர் பிடிக்கட்டும். ‘இன்று என்னால் முடியாது’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஆளை மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல், வேலையில் மனம் வற்றிப்போகும் நிலையைச் சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்தது. பணியிடம் என்பதில் உங்கள் அட்டவணையும் சேர்த்தி.

மகளே, தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போனால் காத்திருக்காதே. அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல், மனநல மருத்துவரைப் பார்.

கேள்வி: பூனை விரலைக் கடித்துவிட்டது. சின்னப் புள்ளிதான். சொன்னால் ‘பூனையைக்கூடப் பிடிக்கத் தெரியாதா’ என்று கேலி செய்வார்கள். கழுவிவிட்டு விட்டுவிடலாமா?

பதில்: கழுவுங்கள், சோப்பு போட்டு, ஓடும் நீரில், 15 நிமிடம். பிறகு அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனைப் பல் ஊசிபோல மெல்லியது. மேலே புள்ளியாகத் தெரியும், கிருமியை மூட்டு, தசைநார் வரை கொண்டு போய்விடும். ஒரே நாளில் கை வீங்கிவிடலாம். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியது நிர்வாகம்.

கேலி செய்பவர்களுக்கு: எல்லாக் கடியையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள், தலைமை மருத்துவர் வாங்கிய கடி உட்பட. முதல் பக்கத்தில் அவர் பெயரே இருந்தால் நல்லது.

கேள்வி: மாதம் ஒருமுறை ஊழியர்களுக்கு விருந்து வைக்கிறேன், பிறந்தநாள் கொண்டாடுகிறேன். இருந்தும் வரவேற்பு மேசையில் யாரும் நிலைப்பதில்லையே?

பதில்: கட்டணத்துக்காக வாடிக்கையாளர் அந்த மேசையில் கத்தும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டா? உத்தேசச் செலவைச் சிகிச்சைக்கு முன்பே நீங்களே சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் வெளியே வந்து, ஊழியரின் பக்கத்தில் நின்று, ‘கட்டணத்தை முடிவு செய்தது நான், என்னிடம் பேசுங்கள்’ என்று சொல்லுங்கள். விருந்தை நிறுத்த வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும்.