பதிவு இப்போது, தாலி நான்கு ஆண்டு கழித்தா?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. பல்கலைக்கழகத்தில் பழகிய பையனுக்கு 29. இரு வீட்டிலும் சம்மதம்தான். பையன் வேறு சாதி. அதைப் பேசி முடித்துவிட்டோம். இப்போது இருவரும், "பிடிஓ வீட்டுக்கு (அரசு புதிதாகக் கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஆர்ஓஎம் (பதிவுத் திருமணம்) செய்தாக வேண்டும், கோயில் கல்யாணத்தைச் சாவி கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். சாவிக்கு நான்கு ஆண்டு ஆகுமாம். பதிவு செய்துவிட்டால் அவள் கல்யாணமானவளா, இல்லையா? பையன் வீட்டில் தங்கலாமா? இடையில் ஏதாவது ஆகிவிட்டால்? என் கணவரோ இன்னும் ஜாதகமே பார்க்கவில்லை என்று குதிக்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. (பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் அந்த "செய்தாக வேண்டும்" என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு விண்ணப்பிக்கப் பதிவுத் திருமணம் கட்டாயமில்லை. நிச்சயித்துக்கொண்ட ஜோடிகளுக்கென்றே தனித் திட்டம் உண்டு. அதன்படி விண்ணப்பித்து, வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடலாம். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். விண்ணப்பத்துக்கு முன் அவசியம் வேண்டியது எச்எஃப்இ கடிதம்தான். வருமானம், மத்திய சேமநிதி (மசேநிதி), மானியத் தகுதி எல்லாவற்றையும் சரிபார்த்துத் தருவது அது. விற்பனை அறிவித்த பிறகு அதற்கு ஓடினால் நேரத்துக்குக் கைக்கு வராது.

பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். திருமணமாகி, 40 வயதுக்கு உட்பட்டு, இதுவரை வீடு வாங்காத தம்பதியருக்கு வீடு ஒதுக்கும் குலுக்கலில் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. பலர் போட்டி போடும் பேட்டையில் அது பெரிய விஷயம். மகள் மனத்தில் இருப்பது அதுவா, அல்லது "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பதா? கேட்டுப் பாருங்கள். முதலாவது நியாயமான கணக்கு. இரண்டாவதற்காகக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்து, கல்யாணமானவளா என்ற கேள்வி. ஆமாம், முழுக்க முழுக்க. உங்கள் பாட்டி காலத்தில் பந்தல் போட்டு, நாலு பெரியவர் முன்னிலையில் தாலி கட்டினால் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. 1961 செப்டம்பர் 15ஆம் தேதி மாதர் சாசனம் என்ற சட்டம் நடப்புக்கு வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. (முஸ்லிம் தம்பதியருக்குத் தனிச் சட்டம், தனிப் பதிவகம்.) அதற்குப் பிறகு, பதிவு இல்லாமல் கட்டிய தாலிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை; தாலியே இல்லாத பதிவுக்கு முழு மதிப்பு உண்டு. நம் வீடுகளில் நினைப்பதோ இதற்கு நேர்மாறு: பதிவு என்றால் 'பேப்பர் வேலை', தாலிதான் கல்யாணம். குழப்பம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

அந்தப் 'பேப்பர் வேலை' என்னவெல்லாம் செய்யும் என்று பாருங்கள். உங்கள் மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மசேநிதிக்கு உங்களை வாரிசாக நியமித்திருக்கலாம். பதிவு நடந்த அன்றே அந்த நியமனம் ரத்தாகிவிடும். முன்பே எழுதி வைத்த உயிலும் அப்படியே. புதிதாக நியமிக்காமல் விட்டால், பிள்ளைகள் இல்லாத நிலையில் பாதி கணவருக்கும் பாதி பெற்றோருக்கும் போகும். பையனின் சேமிப்புக்கும் இதே கதைதான். பதிவு முடிந்த வாரத்திலேயே இருவரும் உட்கார்ந்து புது நியமனம் செய்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் 'உண்மையான கல்யாணம்' இன்னும் வரவில்லை என்ற நினைப்பில் பெரும்பாலோர் செய்வதில்லை.

இடையில் ஏதாவது ஆகிவிட்டால்? கேட்கவே கசப்பான கேள்வி, ஆனாலும் நீங்கள் கேட்டது சரி. நிச்சயித்த ஜோடியாக விண்ணப்பித்துப் பிரிந்தால் இழப்பு பணத்தோடு போகும். நாலறை வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டும் 2,000 வெள்ளி திரும்பாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 20,000 வெள்ளி. மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும். பதிவு செய்துவிட்டுப் பிரிந்தால் இதோடு நீதிமன்றமும் சேர்ந்துகொள்ளும். திருமணமாகி மூன்று ஆண்டு ஆகாமல், மிகக் கடுமையான காரணம் இல்லாமல், மணவிலக்குக்கு மனுச் செய்ய முடியாது. தாம்பத்திய உறவே இல்லை என்றால் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கும் வழக்கறிஞர், உறுதிமொழி, விசாரணை எல்லாம் உண்டு. "பேப்பரில்தானே கல்யாணம், கிழித்துப் போட்டுவிடலாம்" என்று கூட்டாளி யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி என் கருத்து. பதிவை இப்போது, தாலியை நான்கு ஆண்டு கழித்து என்று பிரிக்காதீர்கள். கூடுதல் வாய்ப்புக்காகப் பதிவு இப்போதே வேண்டும் என்றால் தாலியும் அன்றே ஏறட்டும். விருந்தை மட்டும் தள்ளிப் போடுங்கள். பதிவுக்கு இன்னும் மனம் தயாராக இல்லையென்றால், நிச்சயித்த ஜோடியாக விண்ணப்பித்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பிறகு செய்யுங்கள். தம்பதியர் சிரமப்படுவது கல்யாணம் சீக்கிரம் நடந்ததாலோ தாமதமானதாலோ அல்ல. ஒரு வீட்டில் மருமகள், இன்னொரு வீட்டில் கன்னிப்பெண் என்று நான்கு ஆண்டு இரட்டை வேடம் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. நெருங்கிய உறவில் ஒரு சாவு விழுந்தால் கோயில் கல்யாணம் இன்னும் ஓராண்டு தள்ளிப் போகும். வீடு கட்டுவது தாமதமானால் அதோடு கல்யாணமும் தாமதமாகும். நடுவில் குழந்தை உண்டானால் பேரப்பிள்ளை வரும் சந்தோஷத்தைக் கொண்டாடுவதா, சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதா என்று திண்டாடுவீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் வைப்பது கடினமே இல்லை. பதிவு அதிகாரி மண்டபத்துக்கோ கோயிலுக்கோ, உங்கள் வீட்டுக்கேகூட வருவார். விண்ணப்பம் இணையத்தில், சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாக. ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் கட்டணம் 42 வெள்ளி. அறிவிப்புக் கொடுத்த பிறகு குறைந்தது 21 நாள் ஆக வேண்டும், அதில் விலக்குக் கிடைக்கும் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் முகூர்த்தம், உடனே மண்டபமும் குருக்களும், அடுத்துப் பதிவு அதிகாரி, அதன் பிறகு இணைய விண்ணப்பம். நல்ல முகூர்த்த நாளில் அதிகாரி கிடைப்பதுதான் அரிது. ஆடி, புரட்டாசி, மார்கழியை விட்டுவிட்டு எல்லாரும் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வந்து நிற்பதால் மண்டபத்துக்கும் நெருக்கடி. கோயிலில் வைப்பதானால் பதிவுக்கான ஆதாரம் வேண்டுமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அன்றைய தினத்தில் எது தவறும் என்றால், பெரும்பாலும் அடையாள அட்டைதான். 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். பட்டு வேட்டிக்கு மாறிய மாமாவின் அடையாள அட்டை வீட்டில் கால்சட்டைப் பையில் இருக்கும். முதல் நாளே வாங்கி ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பெயர், "த/பெ" உட்பட, அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். உறுதிமொழியும் கையெழுத்தும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தாலி கட்டுவதற்குச் சற்று முன் வைத்தால் குருக்கள் முகூர்த்தத்தைப் பார்த்துப் பதறுவார். பின்னால் வைத்தால் வந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு, நெருங்கிய சொந்தங்களை மட்டும் வைத்து முடித்துவிடுவது உத்தமம்.

முகூர்த்த நேரத்தையும் தமிழ்நாட்டு நாள்காட்டித் தாளைக் கிழித்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 என்பது, காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்கு அடையும் ஊருக்கான கணக்கு. இங்கே சூரியன் உதிப்பதும் மறைவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆகவே உதயத்தை வைத்துக் கணித்தால் அது 5.30ஐ ஒட்டித் தொடங்கும். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை இரு வீட்டாரும் ஒரே குருக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு பஞ்சாங்கம் வைத்துக்கொண்டால் சண்டை நிச்சயம்.

இதே நேரக் கணக்குதான் உங்கள் கணவர் கேட்கும் ஜாதகத்திலும் விளையாடும். பிறப்புச் சான்றிதழில் இருப்பது சிங்கப்பூர் நேரம். இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஊரில் உள்ள ஜோதிடருக்கு அனுப்பும்போது நாமே இரண்டரை மணியைக் கழித்து எழுதிவிடுகிறோம். அவரோ பிறந்த ஊர் சிங்கப்பூர் என்று கணினியில் போட, அது மறுபடியும் கழிக்கிறது. அல்லது சிங்கப்பூர் நேரத்தை அப்படியே போட்டு, ஊரைச் சென்னை என்று வைத்துவிடுகிறார். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஆக இரண்டரை மணிப் பிழையில் லக்னம் அடுத்த ராசிக்குத் தாவிவிடக்கூடும், இல்லாத செவ்வாய் தோஷமும் வந்து உட்காரலாம். நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நிற்பதால் பத்துப் பொருத்தம் அவ்வளவு சீக்கிரம் ஆடாது, நட்சத்திரம் மாறும் வேளையில் பிறந்தால் தவிர. உங்கள் கணவரின் ஜாதகத்தையும் யாராவது புதிதாகக் கணித்தால் ஒன்று சொல்லுங்கள்: 1982 ஜனவரி 1க்கு முன் இங்கே கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது, அதனால் அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வித்தியாசம் இரண்டு மணிதான்.

நேரம், ஊர் இரண்டையும் சான்றிதழில் உள்ளபடியே எழுதி, "சிங்கப்பூர் நேரம், மாற்றவில்லை" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் முன் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ரஜ்ஜு பொருந்தவில்லை என்று வந்தால் இந்தப் பையனை வேண்டாம் என்பாரா? "சொல்ல மாட்டேன், பரிகாரம் செய்வேன்" என்றால் தாராளமாகப் பார்க்கட்டும். "வேண்டாம்" என்பார் என்றால், அதை மகளிடம் இன்றே சொல்ல வேண்டும், வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு அல்ல. எதுவும் மாறப்போவதில்லை, ஆனாலும் பார்த்து வைப்போம் என்பது மட்டும் வேண்டாம். முதல் மனத்தாங்கலின்போது அந்தத் தாள் யார் கையிலாவது முளைக்கும்.

இவ்வளவு சொல்லியும் பிள்ளைகள் பதிவு மட்டும் முதலில் என்று நின்றால், சட்டை செய்யாமல் விட்டுவிடாதீர்கள். சம்பந்தியோடு உட்கார்ந்து நாலு விஷயத்தை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். மகள் எங்கே தங்குவாள்? அவள் இப்போது அவர் மனைவி. அங்கே தங்கினால் தடுக்க உங்களுக்கோ ஊருக்கோ உரிமையில்லை, தங்காவிட்டால் கட்டாயப்படுத்த அவர்களுக்கும் இல்லை. பிள்ளைகளே முடிவு செய்யட்டும், இரு வீட்டாரும் ஒரே பதிலைச் சொந்தங்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்கான முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு? கோயில் கல்யாணத்துக்குக் கடைசித் தேதி என்ன? சாவியோடு அதை முடிச்சுப் போடாமல் ஒரு மாதம், ஒரு வருடம் என்று குறியுங்கள். தலைத் தீபாவளி எதற்குப் பிறகு, பதிவுக்கா தாலிக்கா? சிரிக்காதீர்கள், இதில்தான் முதல் கோபம் வரும். வழக்கப்படி தாலிக்குப் பிறகுதான். ஆனால் அதற்கு முந்திய தீபாவளிக்கு மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்தாலும், புதுச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருங்கள்.

சாட்சிக் கையெழுத்துக்கு நண்பர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, பெற்றோரும் போடலாம். உங்கள் கணவரையும் பையனின் அம்மாவையும் உட்கார வைக்கலாமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். ஜாதகத்துக்குக் குதிக்கிறவருக்கு அன்று ஒரு வேலை இருக்கும்.