'ரன்' என்றால் ஓடுவது மட்டுமன்று

தம்பிக்கு,

காரைக்குடியிலிருந்து புதிதாக லீட்ஸ் வந்திருக்கும் உங்களிடம் மேலாளர் "ரன் இட் பை மீ" என்றாராம். அதற்கு என்ன பொருள், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா, வாடகைக்கு எந்தப் பகுதி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். நான் பர்மிங்காமில் இருப்பவன். மேலாளர் கேட்டது எளிது: எதையும் செய்வதற்குமுன் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கருத்துக் கேட்கச் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல் வந்த புதிதில் என்னையும் படாதபாடு படுத்தியதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்லே மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது. அடுத்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்தி, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பெற்றுவிட்டது. மலைக்க வேண்டாம்; பலவற்றுக்கு நம் 'ஓடு' ஈடு கொடுக்கும். நமக்கும் படம் ஓடும், கடிகாரம் ஓடும், இரத்தம் ஓடும். ஈடு கொடுப்பதுபோல் தோன்றி விலகும் இடத்தில்தான் இடறும். 'கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் வியாபாரம் சரியில்லை என்று பொருள். இங்கே ஒரு பெண்மணி மூன்று கடைகளை 'ரன்' செய்வதாகச் சொன்னால் அது பெருமிதம். ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

நான் வந்திறங்கிய குளிர்காலத்தில் காய்ச்சலோடு போனபோது, சர்க்கரை நோய் குடும்பத்தில் 'ரன்' ஆகிறதா என்று மருத்துவர் கேட்டார். தேவகோட்டையில் அப்பச்சி, ஐயா, அப்பத்தா என்று எல்லாருக்கும் அந்த நோய் இருந்ததால் விடை தெரியும், கேள்விதான் புரியவில்லை. மூக்கு ஒழுகுவதும் 'ரன்', தொட்டியில் குளிக்க நீர் நிரப்புவதும் 'ரன்'. உடம்பு தளர்ந்திருப்பது 'ரன் டவுன்'. வண்டி ஒருவரை மோதித் தள்ளுவதும், ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் அதுவே. பால் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அது வேறு. பின்னால் ஒட்டிவரும் சிறுசொல்லைக் கவனியுங்கள், பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஊரில் நான் கட்டிப் படித்த இடத்தில், வழக்கறிஞர்கூடப் பேசாத நீளச் சொற்களை மனப்பாடம் செய்வித்தார்களே தவிர, இந்த மூன்றெழுத்துச் சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நம் முன்னோர் கடைகளில், பெட்டியடிப் பையன்கள் என்ற எடுபிடிச் சிறுவர்கள், கடைப் பொறுப்பாளரான மேலாள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தொழிலையும் மொழியையும் பழகினார்கள். அப்படியே நீங்களும் அலுவலகத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புரியாமலே 'எஸ், எஸ்' என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. நம்மவர்களில் சிலர் பத்தாண்டு கழித்தும் வார இறுதியில் தமக்குள்ளேயே கூடி, ஆங்கிலேயர் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று குறைப்படுகிறார்கள். பேச்சை நிறுத்தி 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்டவர் அவர்களில் ஒருவருமில்லை. நான் கேட்டேன், பேருந்து ஓட்டுநர்கூட முகம் சுளித்ததில்லை.

அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் பழகிய ஆங்கிலத்தையும் அப்படியே இங்கே பேசாதீர்கள். தேர்தல் வேட்பாளர் அங்கே 'ரன்' செய்கிறார். இங்கே நம் ஊரைப் போலவே நிற்கிறார்.

டிசம்பரில், 25ஆம் தேதி சேவை 'ரன்' ஆகாது என்று பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருப்பார்கள். அன்று பேருந்தும் இரயிலும் அநேகமாக எங்குமே ஓடா, பெரிய கடைகளும் திறவா. அரிசியையும் பாலையும் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.