அறை மாற்றம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் அம்பாசமுத்திரம். மகள் இந்த வருடம் சென்னையில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து 18 நாள் ஆகிறது. தினமும் ராத்திரி போனில் அழுகிறாள். சாப்பாடு பிடிக்கவில்லையாம், உப்புத்தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறதாம். சீனியர்களை நினைத்தும் எனக்குப் பயம். கூட இருக்கும் பெண் நம்ம பழக்கவழக்கத்துக்கு ஒத்துவராத வீட்டுப் பெண். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு மாற்றச் சொல்லி வார்டனுக்கு எழுதலாம் என்கிறார் அவள் அப்பா. இல்லை, கூட்டிக்கொண்டே வந்துவிடலாமா?

வி.

அன்புள்ள வி.,

நாளை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் தூங்குவதில்லை என்று தெரிகிறது. போன வாரம் விடியற்காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். தென்மாவட்ட ரயிலிலிருந்து இறங்கிய அப்பாக்கள் கையில் புது பிளாஸ்டிக் பக்கெட். அதற்குள் தட்டு, டம்ளர், பூட்டு, கொடிக்கயிறு. பின்னால் வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஹாஸ்டல் நினைவாகவே இருக்கிறது. உங்கள் கடிதமும் வந்தது.

முடி கொட்டுவதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். போர் தண்ணீர் அப்படித்தான். தலைக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி பிடித்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி அனுப்புங்கள்.

சீனியர் பயம் நியாயமானது. 1996-ல் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 1800-180-5522 என்ற இலவச எண்ணை மகள் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும். முதலாமாண்டுப் பிள்ளைகளை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள் சொல்கின்றன. அப்படியென்றால் உங்கள் மகளின் அறையில் இருக்கிற அந்தப் பெண்ணும் பெரும்பாலும் புதிதாக வந்தவள்தான். அவளும் ராத்திரி யாருக்கோ போன் போட்டு அழுதுகொண்டிருப்பாள்.

அவள் என்ன தப்பு செய்தாள், வி.? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஒரு வரி கிடையாது. சாமானை எடுத்தாளா, விளக்கை அணைக்க விடவில்லையா? உங்கள் மகள் சாப்பாட்டுக்கு அழுதாள், முடிக்கு அழுதாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் குறை சொன்னதாக நீங்கள் எழுதவே இல்லை. குறை உங்கள் வீட்டுக் கூடத்தில் உண்டானது. சாதி என்று எழுதக் கூச்சப்பட்டுப் பழக்கவழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதவே கூசுகிற ஒன்றை எதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறீர்கள்?

அம்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது சேரன்மாதேவியைக் கடப்பீர்கள். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலமும் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம்தான். காங்கிரஸின் பண உதவி பெற்றது. பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டும் என்று அவர்களின் பெற்றோர் கேட்டார்கள். ஐயர் சம்மதித்தார். அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். 1924, 1925 இரண்டு வருடமும் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அந்தப் பந்தியால் கலங்கிப்போனது. இரண்டு வீட்டுப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துக் கேட்டதுதான். நூறு வருடம் கழித்து அதே தாமிரபரணிக் கரையிலிருந்து இன்னொரு வார்டனுக்குக் கடிதம் எழுதப் பார்க்கிறீர்கள்.

என் அப்பாவும் எழுதினார். 1993. சென்னை தண்ணீருக்குத் தவித்த வருடம். லாரிச் சத்தம் கேட்டால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சேர்ந்த முதல் வாரமே நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். என் அறையில் இருந்தவள் தருமபுரிப் பக்கம். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எனக்கும் சேர்த்து இரண்டு பக்கெட் தண்ணீரை மாடி ஏற்றினாள். அதையெல்லாம் அப்பாவுக்கு இன்லண்ட் லெட்டரில் சந்தோஷமாக எழுதினேன். அவள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதினேன். என் அப்பாவுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

பத்தாம் நாள் வார்டன் கூப்பிட்டு, மூன்றாம் மாடிக்கு மாறிக்கொள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியை ஒருத்தியால் தூக்க முடியாது. ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவள் பிடித்தாள். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினோம். புது அறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் பெட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டு, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, கீழே போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வருடம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். பரீட்சை பற்றி, தண்ணீர் பற்றி எல்லாம் பேசினோம். அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆயுத பூஜைக்கு வரட்டும். இன்றைக்கு ராத்திரி போன் வந்தால் அந்தப் பெண் சாப்பிட்டாளா என்றும் கேளுங்கள். அவள் பெயரைக் கேளுங்கள், கடிதத்தில் அது இல்லை. பொடியை இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி அரைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா